ஒரே ஒரு நட்சத்திரம்

"இந்த ஆளைச் சும்மா விடக்கூடாது. பேருகூடப் போடத் தைரியமில்ல பாரு!"

இயக்குநர் மேசையைத் தட்டிய வேகத்தில் காபி தளும்பியது. மனைவி லேப்டாப்பை மட்டும் காப்பாற்றினாள்.

படம் இணையத்தில் வெளியாகி எட்டு நாள். காட்டுக்குள் சுற்றுலா போகும் ஐந்து பேரை ஒரு ஜந்து துரத்தும் கதை. காடு, மாமனாரின் தைலமரத் தோப்பு. ஜந்து, மச்சான், அதாவது மனைவியின் தம்பி. கம்பளியையும் பஞ்சையும் வைத்துத் தைத்த உடுப்புக்குள் பத்து நாள் வெந்து, மூன்று கிலோ இளைத்தார் பாவம்.

பார்வையாளர் கருத்துகள் இதுவரை பதினெட்டு. பதினேழு பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்துக் கொண்டாடியிருந்தார்கள். அந்தப் பதினேழு பேரும் இயக்குநரின் கல்யாண ஆல்பத்தில் இருப்பது தற்செயல்தான்.

'ஜந்து ஏரியிலிருந்து எழும் காட்சியில் உறைந்துபோனேன்' என்று மாமனார். 'அந்த ஏரிக் காட்சி... அப்பப்பா!' என்று சித்தப்பா. 'ஏரிக் காட்சிக்கே விருது கொடுக்கலாம்' என்று 'நடுநிலை ரசிகன்'. நடுநிலை ரசிகன் வேறு யாருமில்லை, இயக்குநரேதான்.

பதினெட்டாவது ஆள்தான் வம்பு. ஒற்றை நட்சத்திரம் குத்திவிட்டு, ஒரு பக்கத்துக்கு எழுதித் தள்ளியிருந்தார்.

"படி, என்னதான் உளறியிருக்கான்னு பார்ப்போம்."

மனைவி படித்தாள். "'காடு என்கிறார்கள். மரமெல்லாம் ரேஷன் கடை மாதிரி வரிசையில் நிற்கிறது. நாயகன் ஒரே மரத்தை ஆறு தடவை தாண்டி ஓடுகிறான். நாற்பத்தோராவது நிமிடத்தில் ஜந்துவின் முதுகில் ஜிப் தெரிகிறது.'"

"வயித்தெரிச்சல்! வேலைவெட்டி இல்லாதவன். மேல படி."

"'எல்லாரும் ஏரிக் காட்சி, ஏரிக் காட்சி என்கிறீர்களே, எந்த ஏரி? நான் இரண்டு தடவை பார்த்துவிட்டேன். ஏரி இருக்கட்டும், இந்தப் படத்தில் யாரும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.'"

"நிறுத்து, நிறுத்து!" இயக்குநர் துள்ளி எழுந்தார். "மாட்டிக்கிட்டான்! ரெண்டு நாள் இடுப்பளவு தண்ணியில நின்னு எடுத்த சீன் இல்லையாமே! அப்போ இவன் படத்தையே பார்க்கல. புகார் கொடு. நாலு மணிக்குத் தயாரிப்பாளர் வர்றார், அடுத்த படம் பேச. வந்ததும் முதல்ல இந்தப் பக்கத்தைத்தான் திறப்பார். அதுக்குள்ள இந்தக் கருத்தைத் தூக்கணும்."

மனைவி புகார்ப் படிவத்தைத் திறந்தாள்.

"ஆதாரம் கேக்குதுங்க."

"ஏரி சீன் எத்தனாவது நிமிஷத்துல வருதுன்னு போட்டுடு. அவ்வளவுதானே?"

"எத்தனாவது நிமிஷம்?"

இயக்குநர் விட்டத்தைப் பார்த்தார். "அது... நடுவுல எங்கயோ. ஒரு படைப்பாளி நிமிஷக் கணக்கா பார்த்துக்கிட்டிருப்பான்? எடிட்டருக்குப் போன் போடு."

ஸ்பீக்கரில் எடிட்டரின் குரல் நிதானமாக வந்தது.

"ஏரி சீனா சார்? அது படத்துல இல்லையே."

"என்னது?"

"தண்ணியில இறங்கினதும் ஜந்துவோட தலை மட்டும் தனியா மிதந்து போயிடுச்சே சார். ஒரு ஷாட்கூடத் தேறல. வெட்டிட்டேன்."

"யாரைக் கேட்டு வெட்டினே?"

"உங்களைக் கேட்டுத்தான் சார். முழுப் படத்தையும் அனுப்பி, பார்த்துட்டுச் சொல்லுங்கன்னேன். 'பார்த்தேன், கண் கலங்கிடுச்சு, ஒரு ஃபிரேமைக்கூடத் தொடாதே'ன்னு பதில் போட்டீங்களே."

இயக்குநருக்கு இருமல் வந்தது. நன்றாகவே நேரம் எடுத்துக்கொண்டு இருமினார்.

மனைவி பதினேழு கருத்துகளையும் மேலிருந்து கீழே ஒருமுறை தள்ளிப் பார்த்தாள். 'ஏரிக் காட்சியில் வீறிட்டுக் கத்திவிட்டேன்' என்பது அவள் எழுதியது. அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"புகாரை அனுப்பவாங்க?"

"வேண்டாம்."

"அந்த ஆள் எழுதினதுல இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு."

"படிச்சுத் தொலை."

"'ஆனால் கடைசிக் காட்சி. எல்லாரும் தப்பித்துப் போய்விடுகிறார்கள். ஜந்து மட்டும் தனியாக, யாரோ விட்டுப்போன குடையை விரிக்கத் தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு, கொட்டும் மழையில் உட்கார்ந்து விசும்புகிறது. எனக்கும் அழுகை வந்துவிட்டது. இரண்டாம் தடவை பார்த்தது அதற்காகத்தான். இந்த ஒரு நட்சத்திரமும் அதற்குத்தான். இப்படி ஒரு காட்சி எடுத்தவருக்கு மனசு பெரிசாக இருக்க வேண்டும். யாராவது அவருக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள்.'"

இயக்குநரின் முகம் மலர்ந்தது. நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. பிறகு ஏதோ இடித்தது. போன் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"தம்பி... அந்தச் சீனை நான் எப்ப எடுத்தேன்?"

"அது நீங்க எடுத்தது இல்ல சார்" என்றார் எடிட்டர். "கடைசி நாள் மழை வந்ததும் எல்லாரும் வேன்ல ஏறிச் சாப்பிடப் போயிட்டீங்க. தார்ப்பாய்க்கு அடியில கேமரா ஓடிக்கிட்டே இருந்ததையும் யாரும் கவனிக்கல. அந்த உடுப்பை வேற ஆள்தான் கழட்டிவிடணும். நீங்க திரும்பி வர ஒரு மணி நேரம் ஆச்சு. உங்க மச்சான் நடிக்கல சார், நிஜமாவே அழுதுக்கிட்டிருந்தார்."