சிரித்த முகம்

"இன்னொரு தடவை சக்கரத்தைக் குழியில விடுங்க. மூஞ்சியில வேதனையே பத்தலை!" என்று கத்தினார் பொறியாளர்.

தெருவை எல்லோரும் போய்வரும்படி மாற்றியமைக்க நிதி கேட்கும் மனுவுக்குப் படம் எடுக்க வந்த போட்டோகிராபர் வேண்டாவெறுப்பாகக் கேமராவை அழுத்தினார். சக்கர நாற்காலியில் இருக்கிற மனுஷனை இப்படியா பாடாய்ப் படுத்துவது?

"போதும், அருமை!" என்றார் பொறியாளர்.

நாற்காலிக்காரர் சட்டென்று எழுந்து, பேன்ட்டைத் தட்டிவிட்டு சிகரெட் பற்றவைத்தார்.

"நம்ம ஆபீஸ் டிரைவர். நடிப்பு எப்படி?" என்று இளித்தார் பொறியாளர்.

"அப்போ நாற்காலி?"

"எதிர்வீட்டுக்காரரோடது. நடக்க முடியாதவர். அதோ, நாற்காலி எப்ப வரும்னு வாசப்படியிலேயே உட்கார்ந்திருக்காரே."

"அடச்சீ! அவரையே எடுத்திருக்கலாமே சார்?"

"நேத்தே போன்ல எடுத்துப் பார்த்தோம்யா. தெருவைச் சரிபண்ணப் போறாங்கன்னு மனுஷன் சிரிச்சுக்கிட்டே இருக்கார். சிரிச்ச மூஞ்சிக்கு எவன் நிதி குடுப்பான்?"