தலைவர் இறங்கிய குளம்

"மனித நாகரிகம் தண்ணீரில்தான் பிறந்தது!" என்று முழங்கி, சூலூர் முதியோர் குடியிருப்புக்குள் நீச்சல் குளம் கட்டவைத்தார் சங்கத் தலைவர் வேலுமயில். "கிழவங்களுக்கு எதுக்குங்க குளம்?" என்றவர்களை வாயடைக்க ஒரு விதியும் எழுதினார். குளத்தில் பொருத்திய கருவிகளால், இறங்குபவரின் உடம்பைத் தண்ணீரே சோதிக்கும். தேறாதவர் அன்றே பராமரிப்புக் கட்டடத்துக்குப் போகவேண்டும். அங்கே போனவர் யாரும் திரும்பியதில்லை.

திறப்பு விழாவில் ஒருவரும் இறங்கவில்லை.

"தலைவரே, நீங்கதானுங்க மொதல்ல!" என்றது கூட்டம்.

"ஏனுங்க, வேண்டாமுங்க. ரெண்டு டம்ளர் காப்பி வேற குடிச்சிருக்கீங்க" என்று மனைவி தெய்வாத்தாள் கையைப் பிடித்தாள்.

"சும்மா இரு, பாக்குறாங்க."

கரையில் சக்கர நாற்காலி தயாராக நின்றது. அதைப் பார்க்காமல் இடுப்பளவு இறங்கினார். கரையிலிருந்த பலகையில் இதயம், நுரையீரல், எலும்பு மூன்றுக்கும் பச்சை விளக்கு எரிந்தது. கூட்டம் கைதட்டியது.

நான்காவது விளக்கு சிவப்பாக எரிந்தது. தண்ணீரில் நாற்பது மில்லி சிறுநீர் இருப்பதாகப் பலகை காட்டியது.