பெரியவருக்கு முதல் துண்டு

"சொல்லுங்க குருவே! அந்தக் கடைசி மந்திரத்தை மட்டும் சொல்லிடுங்க. உங்க கால்ல விழறேன்!"

"கால்ல விழறேன்! கால்ல விழறேன்!" என்றது நாற்காலி முதுகில் உட்கார்ந்திருந்த பச்சைக்கிளி.

சிஷ்யன் தலையில் அடித்துக்கொண்டான். இன்று காலைவரை அந்தக் கிளி ஒரு மந்திரவாதி. அதே நாற்காலியில் சாய்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த மனிதர். கண்ணாடி இப்போது தரையில் கிடந்தது.

கதவு திறந்தது. தங்கை வீட்டுக்குப் போயிருந்த மந்திரவாதியின் மனைவி பையோடு உள்ளே வந்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். நாற்காலியில் துவண்டு கிடந்த சட்டையைப் பார்த்தாள். கிளியைப் பார்த்தாள். பை கையிலிருந்து நழுவியது.

"அடப்பாவி! என்னடா பண்ணித் தொலைச்சே?"

"மன்னிச்சிடுங்கம்மா. உருவத்தை மாத்தற மந்திரம் எனக்குத் தெரியும்."

"அதை அவர் யாருக்குமே சொல்லித்தர மாட்டாரே?"

"தூக்கத்துல புலம்புவாரே, பக்கத்து அறையிலேர்ந்து கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணிட்டேன். திரும்ப மனுஷனாக்கற மந்திரத்தைத்தான் எவ்வளவு கெஞ்சியும் சொல்லலை. 'அதை மட்டும் கேக்காதே'ன்னு எழுந்து போயிடுவார். என்கிட்ட ஒளிக்கிறாரேன்னு எனக்கு ஒரே வயித்தெரிச்சல். அவரே மாட்டிக்கிட்டா வேற வழியில்லாம சொல்லித்தானே ஆகணும்? அதனாலதான் பார்த்துப் பார்த்துக் கிளியா மாத்தினேன். கிளிதானே பேசும்!"

எப்பேர்ப்பட்ட யோசனை பாருங்கள்!

"கிளிதானே பேசும்!" என்றது கிளி.

அவள் திட்டுவாள், இரண்டு அறையாவது விடுவாள் என்று எதிர்பார்த்தான். அவளோ அந்தக் கண்ணாடியை எடுத்து முந்தானையால் துடைத்தாள். அதுதான் அவனால் தாங்க முடியவில்லை. அவன் காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்து நெற்றிக்கு ஈரத்துணி மாற்றிய மனிதர். அவரைப் போய் இப்படிப் பண்ணிவிட்டோமே! அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"எனக்கு எந்த வித்தையும் வேணாம்மா. அவர் திரும்பி வந்தா போதும். உங்ககிட்டயாவது அந்த மந்திரத்தைச் சொல்லியிருப்பாரே?"

அவள் அடுப்படிக்குப் போய்ப் பழம் நறுக்கிக்கொண்டு வந்தாள்.

"முதல்ல பெரியவர் சாப்பிடட்டும்."

ஜன்னலோரக் கூண்டில் இருந்த கிழட்டு மைனாவுக்கு அந்த வீட்டில் பெரியவர் என்று பெயர். அது சாப்பிடாமல் மந்திரவாதி ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அதன் கூண்டைக் கழுவக்கூட சிஷ்யனை விட்டதில்லை. மனுஷனுக்கு என்ன கிறுக்கோ என்று அவர் முதுகுக்குப் பின்னால் அவன் சிரித்திருக்கிறான்.

"இந்த நேரத்துல மைனாவா முக்கியம்? மந்திரத்தைச் சொல்லுங்கம்மா!"

"அவர் ஒண்ணும் ஒளிக்கலைடா. அவருக்கே அது தெரியாது. ஆயுசு பூரா தேடிக்கிட்டுதான் இருந்தார்."

"தெரியாதா? அவ்வளவு பெரிய மந்திரவாதிக்கா?"

அவள் மைனாவின் கூண்டைத் திறந்து முதல் துண்டை நீட்டினாள்.

"தெரிஞ்சிருந்தா, உன் வயசுல ஆத்திரப்பட்டு இப்படி ஆக்கிட்ட தன்னோட குருவை, முதல்ல மனுஷனாக்கியிருக்க மாட்டாரா?"