காற்று எடுக்கிற வேலை

டியூபில் வழிந்த எண்ணெயை மோந்து பார்த்தேன். குமட்டியது.

மோர் மாதிரி நுரைத்து வெளுத்திருந்தது. கையில் பட்டால் சோப்புக்கும் போகாது. சோற்றைப் பிசைந்தால் சோற்றில் நாறும்.

படகின் தரையெல்லாம் பாக்குத் துப்பிய கறை. மூலையில் லைஃப் ஜாக்கெட்டுகள் பூசணம் பூத்துக் குவிந்து கிடந்தன. இதைத்தான் மாட்டிக்கொண்டு சனங்கள் சிரித்தபடி போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

படகு அறிவுச்செல்வனுடையது. கல்வராயன் மலைமேல் விடுதி வைத்திருக்கிறார். விடுதிக்குப் பின்னால் ஓர் ஏரி, ஏரியில் இந்த ஒரே ஒரு விசைப்படகு.

இருபது நாளைக்கு முன்னால் இது திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராகப் போய்க் கரையின் கல்கட்டில் மோதியது. நைனார்பாளையத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணுக்குக் கால் முறிந்தது.

ஓட்டியவர் வேடியப்பன். குடித்துவிட்டு ஓட்டினார் என்று அறிவுச்செல்வன் போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டார். டீயைத் தவிர வேடியப்பன் எதையும் தொடமாட்டார் என்பது மலைக்கே தெரியும். ஸ்டீயரிங் சும்மா சுற்றியது, பிடிக்கவே இல்லை என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

இன்று பதினொரு மணிக்கு விபத்தை விசாரிக்கிற அதிகாரி வந்து படகைப் பார்க்கப் போகிறார். ஸ்டீயரிங் பழுது என்றால் வேடியப்பன் தப்பித்தார். நன்றாக இருந்தால் வேலையும் போச்சு, கேஸும் அவர் தலைமேல்தான்.

ஒன்பதரைக்கே என்னை வரவழைத்துவிட்டார் அறிவுச்செல்வன். "சுத்தமா காத்த எடுத்துரு சுபாஷு. ரெண்டு பேருக்கும் நல்லது." சொல்லிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார். அந்தப் பல்லைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

வேலை ஒன்றும் பெரிதில்லை. இந்த ஸ்டீயரிங் எண்ணெயின் அழுத்தத்தில்தான் இன்ஜினைத் திருப்பும்; எண்ணெயில் காற்று புகுந்தால் பிடிக்காமல் சும்மா சுற்றும். முன்னால் ஸ்டீயரிங்கின் தலையில் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்து மாட்ட வேண்டும். ஒருவர் ஸ்டீயரிங்கைச் சுற்ற, இன்னொருவர் பின்னால் இன்ஜினருகே உட்கார்ந்து சிலிண்டரின் நிப்பிளில், அந்தச் சின்னத் திருகில், டியூபை மாட்டித் திறந்துவிட வேண்டும். எண்ணெயோடு காற்றும் குமிழியாக வெளியே வரும். குமிழி நின்றதும் மூட வேண்டும். பிறகு அடுத்த பக்கம்.

விபத்துக்கு முன்பு எண்ணெய் போகிற ஹோஸை மாற்றியவன் இதைச் செய்யவில்லை. எண்ணெயை ஊற்றி, ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் நாலு தடவை ஒடித்துவிட்டு மூடியிருக்கிறான். டிராக்டர் பார்க்கிறவன் புத்தி. கரும்பு டிராக்டரில் இன்ஜினை ஓடவிட்டு ஒடித்தால் காற்று தானாகப் போய்விடும். இதில் போகாது, ஹோஸுக்குள்ளேயே கிடக்கும். யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். தூ, அவனெல்லாம் ஒரு மெக்கானிக்.

ஸ்டீயரிங்கைச் சுற்ற ஓர் ஆள் வேண்டியிருந்தது. அதிகாரியிடம் பேசுவதற்காக முன்கூட்டியே வந்து காத்திருந்த வேடியப்பன், துவைத்த வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு தானே வந்து உட்கார்ந்தார்.

அறிவுச்செல்வன் தடுக்கவில்லை. "அவனே சுத்தட்டும்" என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுக் கரைக்குப் போனார்.

நிப்பிளைத் திறந்தேன். புஸ்ஸென்று காற்று சீறியது. டியூப் முழுக்கக் குமிழி.

வேடியப்பனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியா தம்பி, எவ்ளோ காத்து! நான் சொல்லிக்கினே இருந்தேன், ஒருத்தனும் நம்பல. நீ பாத்துட்ட இல்ல, அது போதும்."

சுற்றினார். திரும்பித் திரும்பிக் குமிழியைப் பார்த்துக்கொண்டே இன்னும் வேகமாகச் சுற்றினார். தனக்கு இருந்த ஒரே சாட்சியைத் தன் கையாலேயே வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்.

நிறுத்துங்கண்ணே என்று சொல்ல வாயெடுத்தேன். நிப்பிளை மூடிவிட்டு அடுத்த பக்கத்தைத் திறந்தேன்.

பத்தே முக்காலுக்கு இரண்டு பக்கமும் சுத்தமாகிவிட்டது. நுரைத்த எண்ணெயை அறிவுச்செல்வன் வாங்கிப்போய் ஏரியில் கவிழ்த்தார். தாமரை இலைகளுக்கு நடுவே அது பளபளவென்று படர்ந்தது.

அதிகாரி வந்தார். ஸ்டீயரிங்கைத் திருப்பினார். கெட்டியாகப் பிடித்தது. பின்னால் இன்ஜின் அழகாகத் திரும்பியது.

"நல்லாத்தானே இருக்குது?"

வேடியப்பன் பதறவே இல்லை. "இப்பத்தாங்க காத்த எடுத்தாரு. ஹோஸ் மாத்துனதுலேர்ந்தே இப்பிடித்தாங்க. தம்பியக் கேளுங்க, அவரே கண்ணால பாத்தாரு" என்று என்னைக் காட்டினார்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

கந்தலில் கையைத் துடைத்தேன். துடைத்த விரலையே மறுபடியும் துடைத்தேன்.

"காத்தெல்லாம் ஒண்ணுமில்லீங்க. எண்ண மாத்தத்தான் வந்தேன்."

வேடியப்பனின் கை ஸ்டீயரிங்கின் மேலேயே இருந்தது. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்பதுபோல.

ஹோஸை மாற்றியது யார் என்று அதிகாரி கேட்டார். தெரியாது என்றேன். ஹோஸ் மாற்றியது ஒரு செவ்வாய்க்கிழமை. படகுக்கு விடுமுறை என்பதால் வேடியப்பன் அன்று வரவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஐந்து மணி பஸ்ஸில், கச்சிராயபாளையம் வரைக்கும் எனக்கு ஜன்னலோர சீட் கிடைத்தது.