கண்ணாடிக்கு உள்பக்கம்

பெட்டியைப் பிரித்தால் வாங்கியாக வேண்டும் என்றான் சாதிக்.

அவள் பிரித்தாள்.

மூடியில் ஒட்டியிருந்த சீல் தாளை நகத்தால் கிழித்தபோது அவளோடு வந்திருந்த இரண்டு பேரும் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்கள். சீல் போனால் திரும்ப விற்கும்போது பாதி விலைதான். பொம்மை சேர்க்கிறவர்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

சாதிக்கின் கடை புரசைவாக்கத்தில், ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்தது. ஜப்பானிலிருந்து பொம்மைகளை வரவழைத்து விற்கிறவன். அன்று ஞாயிற்றுக்கிழமை. கடை திறந்ததிலிருந்து விலைச் சண்டைதான்.

"ஜப்பான்ல ஆறாயிரத்துக்குக் கீழ விக்கிறான். நீங்க பதிமூணாயிரத்து ஐநூறு போடறீங்க" என்றாள் அவள்.

"கஸ்டம்ஸ்லயே எவ்ளோ போகுதுன்னு உங்களுக்கே தெரியும் மேடம். பத்து வந்தா ரெண்டு உடைஞ்சு வருது. அதை யார் தலையில கட்டறது?"

"எங்க தலையிலதான் கட்டறீங்க" என்றான் ஜெரால்டு.

கதிரேசன் சிரித்தார். சாதிக் சிரிக்கவில்லை.

மூவரும் நாற்பது பேர் கொண்ட ஒரு வாட்ஸப் குழுவின் சார்பாக வந்திருந்தார்கள். சாதிக் விலையில் இறங்கி வராவிட்டால் இனிமேல் எல்லோரும் சேர்ந்து நேராக அங்கிருந்தே வரவழைத்துக்கொள்வது என்று முடிவாகியிருந்தது. அந்த நாற்பது பேரும் போய்விட்டால் சாதிக்குக்குக் கடையில் மிஞ்சுவது வாடகை மட்டும்தான்.

"இதுல பெயிண்ட் வேலையே சுமார்தான். காட்டறேன் பாருங்க" என்றாள் அவள்.

அதைச் சொல்ல அவளுக்குத் தகுதி இருந்தது. பதினாறு வருடமாகப் பல் செய்கிறாள். டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பீங்கானில் பல் செய்து, பக்கத்துப் பல்லின் நிறத்தைத் தூரிகையால் ஏற்றுவது அவள் வேலை. வெள்ளையில் எத்தனை வெள்ளை என்று அறிந்தவள். தூரிகை எங்கே நடுங்கியிருக்கிறது என்று உடனே சொல்லிவிடுவாள்.

கைப்பையிலிருந்து லென்ஸை எடுத்தாள். பொம்மையைச் சன்னல் பக்கம் கொண்டுபோனாள்.

ஆழ்கடலில் மூழ்குகிறவன். ஒரு சாண் உயரம். பழைய காலத்து ரப்பர் அங்கி. தலையில் பித்தளைக் கவசம். முகத்துக்கு நேரே சட்டைப் பொத்தானை விடச் சிறிய வட்டக் கண்ணாடி.

காலணியிலிருந்து தொடங்கினாள்.

காலணியில் தவறு இல்லை.

இடுப்புக் கயிற்றில் புரி புரியாக நிழல் விழுந்திருந்தது. கழுத்துப் பட்டையில் பன்னிரண்டு திருகாணிகள். ஒவ்வொன்றைச் சுற்றியும் பச்சைக் களிம்பு. பன்னிரண்டும் பன்னிரண்டு விதமாக.

அவள் லென்ஸை இன்னும் நெருக்கினாள்.

"என்ன மேடம், பெயிண்ட் வழிஞ்சிருக்கா?" என்றார் கதிரேசன்.

வெளிச்சம் கண்ணாடிக்குள் விழும்படி மெல்லச் சாய்த்தாள்.

உள்ளே ஒரு முகம் இருந்தது.

அலமாரியில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு அங்கே இருட்டு மட்டுமே தெரியும். யார் கண்ணிலும் படாத இடம். அங்கே ஒருவன் கண்களை அகல விரித்திருந்தான். இமை மயிர்கள் இருந்தன. கண்ணாடியின் உள்பக்கம் பாதி வரை ஆவி படிந்திருந்தது. அவனுடைய மூச்சு. அதன் நடுவே ஒரு சின்னப் புள்ளி மட்டும் தெளிவாக இருந்தது.

அது என்னவென்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அவனுடைய மூக்கு நுனி பட்ட இடம்.

எதையோ பார்ப்பதற்காக முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்திருக்கிறான்.

பொம்மையை மேஜைமேல் வைத்தாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கடைவாய்ப் பற்களின் பின்பக்கம் மெல்லிய விரிசல் கோடுகள் வரைவாள், நிஜப் பல்லில் இருப்பதுபோல. யாரும்மா அதைப் பார்க்கப் போறாங்க என்று ஒரு டாக்டர் கேட்டார். எப்போது நிறுத்தினாள் என்று அவளுக்கே நினைவில்லை.

லென்ஸைக் கதிரேசனிடம் நீட்டினாள்.

அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, பக்கத்தில் கிடந்த அட்டைப்பெட்டியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஜெரால்டு பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

கடைசியாக சாதிக். இதே பொம்மையில் முப்பதுக்கு மேல் விற்றிருப்பான். குனிந்தவன் நிமிரவே இல்லை. கீழே தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"என்னத்தைப் பார்க்கறான் இவன்?" என்றார் கதிரேசன்.



சாதிக் லென்ஸைத் துடைத்து இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தான்.

"ஆயிரம் கொறைச்சுக்கறேன் மேடம்."

"வேணாம்."

"பரவாயில்ல மேடம்..."

"கொறைக்காதீங்க."

அவள் முழு விலையையும் கொடுத்தாள். கதிரேசன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "குரூப்ல என்னன்னு சொல்றது?"

"பிரிச்சுப் பார்க்கச் சொல்லுங்க."

ஜெரால்டு சன்னலை விட்டு நகராமல் நின்றான்.

"என்கிட்டயும் இது ஒண்ணு இருக்கு" என்றான். "நாலு வருஷம் ஆச்சு. துணி சுத்தி பீரோ மேல வெச்சிருக்கேன்."

பிறகு, கேட்கக் கூச்சப்படுகிறவன்போல அவள் பக்கம் திரும்பினான்.

"அந்த லென்ஸை இன்னிக்கு ஒரு நாள் குடுப்பீங்களா மேடம்?"

கொடுத்தாள்.

அவன் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. மரப்படியில் அவன் இறங்குவது மூவருக்கும் கேட்டது. முதலில் மெதுவாக. அப்புறம் இரண்டிரண்டு படியாக.