பூட்டிய பதில்

"இந்த ஒண்ணு மட்டும் ஏன் பூட்டிக் கிடக்கு?"

மேனேஜர் கேட்டதும் அவளுக்குத் திக்கென்றது.

தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கிற கம்பெனி அது. வாங்கியவர்களுக்கு வரும் சந்தேகங்களுக்கெல்லாம் பதில் எழுதி வெப்சைட்டில் போடுவது அவள் வேலை. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு செட்டிங் உண்டு. 'எல்லோரும் பார்க்கலாம்' என்று வைத்தால் உலகமே படிக்கும். 'ஊழியர்கள் மட்டும்' என்று வைத்தால் கேள்வி மட்டும்தான் வெளியே தெரியும். பதில் இருக்கவேண்டிய இடத்தில் 'எங்களுக்குப் போன் செய்யவும்' என்று வரும்.

மற்ற பதில்களெல்லாம் திறந்திருக்க, 'பழைய மாடலில் பீப் சத்தம் நிற்கவில்லை, என்ன செய்வது?' என்பதற்கு மட்டும் பூட்டு.

"பழைய மாடல்தானே சார். இப்போ யாரு அதை வச்சிருக்கா? அப்படியே விட்டுட்டேன்."

"யாரும் வச்சிருக்கலையா? சனிக்கிழமை தவறாம இதுக்குத்தான் போன் வருது. சனிக்கிழமை ஹெல்ப்லைன்ல யாரு?"

"நான்தான் சார்."

"நீங்க மட்டும்தான்." மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஆபீஸில் அவருக்குக் 'கறார்' என்று பெயர். அது அவருக்கும் தெரியும். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. "எல்லாத்துக்கும் சைட்லயே பதில் கிடைச்சிட்டா சனிக்கிழமை சீட்டையே தூக்கிடுவாங்கன்னு பயம். ஒண்ணைப் பூட்டி வச்சா போன் வரும், உங்க வேலையும் தப்பிக்கும். நல்ல ஐடியாதான்."

"அப்படியெல்லாம் இல்ல சார்."

"பின்ன எப்படி?"

பூட்டைத் திறக்கக் கறார் மவுஸைக் கையில் எடுத்ததும் அவள் பதறிப்போனாள்.

"அந்தப் போன் எங்கப்பா பண்றது சார்."

கறாரின் கை நின்றது.

"என் கல்யாணத்துல அவருக்கு இஷ்டமில்ல. இனிமே உன் குரலே என் காதுல விழக்கூடாதுன்னுட்டார். அதோட சரி. ஒரு சனிக்கிழமை போன் எடுத்தா அவர் குரல். 'மெஷின் கத்திக்கிட்டே இருக்கு மேடம், என்ன பண்ணணும்'னார். என்னை அடையாளம் தெரியல. நானும் சொல்லல. சொன்னா வச்சிடுவார்."

"ஒரு தடவை சொல்லிக் குடுத்தா சரியாயிடுமே?"

"சரியாகுது. அடுத்த வாரம் மறுபடி கத்துது போல. அவர் மேடம்பார், நான் சாரும்பேன். பின்பக்கம் பட்டன் இருக்கு சார், மெதுவா அமுக்குங்க சார்னு பேச்சை இழுப்பேன். இருமறாரா, மூச்சு வாங்குதான்னு கேட்டுக்குவேன். இப்போ எனக்கு அப்பான்னா அவ்வளவுதான் சார்."

கறார் மவுஸை விடவில்லை.

"கேக்கக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா வயசானவர் வாராவாரம் அந்த மெஷினோட மல்லுக்கட்டுறாரே, அதை யோசிச்சீங்களா? பதில் கண்ணு முன்னாடி இருந்தா அவர்பாட்டுக்குப் பார்த்துப் பண்ணிக்குவார். உங்க ஏக்கத்துக்கு அவரைப் படுத்துறீங்க."

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

கறார் பூட்டைத் திறந்தார். 'எல்லோரும் பார்க்கலாம்.'

"இனிமே அவர் கூப்பிட்டா, சைட்ல இருக்கு, பார்த்துக்குங்கன்னு சொல்லி வச்சிடுங்க. எல்லாருக்கும் அதான் ரூல்."

சனிக்கிழமை கறாரும் ஆபீஸுக்கு வந்திருந்தார். அவள் காலையிலிருந்தே போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வழக்கமாக அப்பா கூப்பிடுகிற நேரம் வந்தது, போனது.

படித்திருப்பார். பட்டனை அமுக்கியிருப்பார். மெஷினும் வாயை மூடியிருக்கும். இனி அப்பாவுக்கு இங்கே என்ன வேலை? திட்டுவதற்காவது ஒரு தடவை கூப்பிட மாட்டாரா என்றிருந்தது.

போன் அடித்தது. அதே நம்பர்.

எடுக்கப்போன கை பாதியில் நின்றது. அப்பாவிடம் போய், சைட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எந்த வாயால் சொல்வாள்?

"விடுங்க, நான் சொல்லிக்கிறேன்." கறார் ஸ்பீக்கரை அமுக்கினார். "வணக்கம் சார். பீப் சத்தம்தானே? அதுக்குப் பதில் இப்போ சைட்லயே போட்டாச்சு. இனிமே நீங்க போன் பண்ற சிரமமே இல்ல."

"பார்த்தேன் தம்பி." ஒரு செருமல். "அதைப் பழையபடி பூட்டிட முடியுமா?"

கறார் அவளைப் பார்த்தார். அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் சார்? படிச்சுப் பார்த்தும் நிக்கலையா? ஆனா சத்தம் எதுவும் கேக்கலையே."

அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது.

"உங்க சைட்ல இருக்கிற கேள்வி அத்தனையும் படிச்சேன் தம்பி. அது ஒண்ணுலதான் போன் செய்யவும்னு போட்டிருந்தது." குரல் தாழ்ந்தது. "சனிக்கிழமை பேசுமே ஒரு பொண்ணு, அது பக்கத்துல இல்லையே? அதுகிட்ட சொல்லிடாதீங்க. எங்க வீட்ல அந்த மெஷினே கிடையாது. நாங்க தண்ணியக் காய்ச்சித்தான் குடிக்கிறோம்."