பேர் சொல்லும் பெட்டி

ஊர் எதற்கு, ஒரு ஜவுளிக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சிநேகிதர்கள் புதிதாய்த் தொடங்கிய மென்பொருள் கம்பெனியின் முதல் பீக்கன் பெட்டி அங்கே தூணில் ஒட்டியிருந்தது. கிட்டே வருகிறவர்களின் செல்போனை ப்ளூடூத்தில் கண்டுகொண்டு, பேர் சொல்லி வரவேற்கும்.

பக்கத்தில் நின்ற சேலைப் பொம்மைக்கு ஒரே ஏக்கம். "அண்ணே, ஒரு தடவை என்னையும் கூப்பிடேன்."

"உன்கிட்ட போன் இருக்கா தாயி? போன் இல்லாட்டி எனக்கு அது ஆளே இல்லை," என்றது பெட்டி.

ஒரு மத்தியானம் காந்திமதி என்ற அம்மாள், சேலையைத் தோளில் வைத்துப் பார்ப்பதற்காகப் போனைப் பொம்மையின் கையில் செருகினாள். அதை மறந்து வாசல் வரை போய்விட்டாள்.

"வாங்க காந்திமதியம்மா! உங்களுக்குப் பிடிச்ச மாம்பழக் கலர் வந்திருக்கு," என்றது பெட்டி.

பொம்மை மெல்லக் கழுத்தைத் திருப்பியது.

காந்திமதி மூச்சிரைக்க விற்பனைப் பெண்ணிடம் ஓடி வந்தாள். "அது என் போன்மா!"

விற்பனைப் பெண் பெட்டியோடு இணைந்த தன் டேப்லெட்டைப் பார்த்தாள். கடையில் ஒரே ஆள், அதுவும் பொம்மை நிற்கிற இடத்தில், என்று காட்டியது. பொம்மையை நாற்காலியில் உட்காரவைத்து மோர் கொடுத்தாள். பிறகு காந்திமதியின் தோளைத் தூசி தட்டி, முந்தானையில் விலைச்சீட்டைக் குத்தினாள்.

"நான்தாம்மா காந்திமதி! வீட்டுல பிள்ளைங்க தேடுவாங்க!"

"யாரோ பேசுற மாதிரி இருக்கே?" என்றது பெட்டி.

"யாருமில்லண்ணே," என்றது பொம்மை.

அப்போது அதன் கையில் போன் அடித்தது. "அம்மா, எங்க இருக்கீங்க?"

"இதோ வந்துட்டேன் கண்ணு," என்று சொல்லிக்கொண்டே பொம்மை படி இறங்கியது.